சட்டியைக் காட்டச் சொன்ன நர்சம்மா

அந்த நர்சம்மா ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் பிள்ளைத்தாச்சிப் பெண்ணின் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்ப்பார். அடுத்து, "சட்டியக் காட்டுங்க" என்பார். நாடி பிடிப்பது, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். எந்தச் சட்டியைக் கேட்கிறார் என்று தெரியாமல் புது மருமகள்கள் முழிப்பார்கள்.

"கீரை வதக்குற சட்டி தாயி. இரும்பா, அலுமினியமா? வாயால சொல்லாத. எடுத்துட்டு வா."

வாயால் சொன்னதை அவர் நம்ப மாட்டார். கொண்டு வந்த சட்டியைக் கவிழ்த்து விரல் முட்டியால் தட்டுவார். நல்ல வார்ப்பு இரும்பு என்றால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். விரிசல் விட்டிருந்தால் சத்தம் செத்துப்போகும். பிறகு உள்ளே விரலை வைத்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோவார். எண்ணெய் வாசம் வந்தால் நேற்றோ இன்றோ அடுப்பில் ஏறிய சட்டி. துரு வாசம் வந்தால், பரணில் கிடந்ததைத் தனக்குக் காட்டுவதற்காக இறக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார். அப்படிக் கையும் களவுமாகப் பிடிபட்ட வீடுகள் எங்கள் ஊரில் நாலைந்து உண்டு.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை. திண்டுக்கல்லில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நிறைய இருக்கும் ஒரு தெருவில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் சொல்வது ஐம்பதுகளின் பிற்பாதி. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் ஒரு கித்தான் பை. வாரத்தில் ஒருநாள் காலை பஸ்ஸில் வந்து ரோட்டில் இறங்கி, எங்கள் ஊருக்கு ஒன்றரை மைல் வண்டிப்பாதையில் நடந்து வருவார். வழியில் தோட்டங்களில் கத்தரிக்காய் பறிக்கும் பெண்களை வரப்பிலேயே நிறுத்தி இமையைப் பார்ப்பார். ஆள் ஒல்லி, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். இந்தம்மாவுக்குச் சிரிக்கத் தெரியாது என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

அப்போதுதான் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு அலுமினியம் வந்துகொண்டிருந்தது. இரும்புச்சட்டி கனம், கரி, இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் துரு. அலுமினியச் சட்டியை ஒரு கையால் தூக்கிவிடலாம், சீக்கிரம் சூடேறும், சாம்பல் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். கல்யாணச் சீரில் அதைத்தான் அடுக்கினார்கள். இரும்பில் சமைக்கிற வீடு என்றால் இல்லாத வீடு என்று ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் வந்து, பரணில் போட்டதை இறக்கு என்றால் யாருக்குப் பிடிக்கும்? இரும்புக் கடைக்காரன் இந்தம்மாவுக்கு என்ன உறவோ என்று கிணற்றடியில் பேசிச் சிரித்தார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கும். கண்டுகொள்ளவில்லை.

"ரத்தத்துக்கு இரும்பு வேணும்" என்பார். "மாத்திரையிலயும் இருக்கு, கீரையிலயும் இருக்கு, இந்தச் சட்டியிலயும் இருக்கு. வதக்க வதக்கக் கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். கண்ணுக்குத் தெரியாது." படிக்கிற காலத்தில் ஒரு டாக்டரம்மா அவருக்குச் சொன்னதாம். நிஜம்தானா என்று பார்க்க வீடு வீடாகச் சட்டியையும் இமையையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தவர், அதன்பிறகு நிறுத்தவே இல்லை.

மேலத்தெருவில் ஒருத்தி இவர் பேச்சைக் கேட்டுச் சந்தையில் புதுச் சட்டி ஒன்று வாங்கிவந்தாள். வந்த கையோடு கழுவி முருங்கைக்கீரை வதக்கிவிட்டாள். கீரை மையாகக் கறுத்து, வாயில் வைத்தால் ஆணியைச் சப்பினது போல் இருந்திருக்கிறது. புருசன் தட்டோடு விசிறியடித்தான். அடுத்த வாரம் நர்சம்மா வந்தபோது அவள் அந்தச் சட்டியைத் தெருவிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டு அழுதாள். நர்சம்மா குடையை மடக்கி வைத்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மணலும் தேங்காய் நாரும் கேட்டு வாங்கி, நடுத்தெருவில் குத்தவைத்து உட்கார்ந்து சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தார். கடையில் பூசியிருந்த கறுப்பெண்ணெய் எல்லாம் போகிற வரைக்கும் தேய்த்தார். பிறகு அரிசி களைந்த கழனித்தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றினார்.

"மூணு நாளைக்குக் கழனித்தண்ணியக் கொதிக்க வச்சுக் கொட்டு. நாலாம் நாளு நல்லெண்ணயத் தடவி, வெங்காயத்த வதக்கித் தூரப் போடு. அப்புறந்தான் கீரை. கழுவுனா ஈரத்தோட கவுத்து வைக்காத, அடுப்புல காட்டிக் காய வையி. மூணு நாளு நீ அதுக்கு ஒழச்சா முப்பது வருசம் அது ஒனக்கு ஒழைக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னொண்ணு. காஞ்ச சட்டியில பச்சத்தண்ணி ஊத்தாத. கோவமா இருக்கிற மாமியாகிட்ட எதுத்துப் பேசாத. ரெண்டும் படக்குன்னு வெடிச்சிரும்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்காமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

இரும்பே கதி என்று இருந்தவரும் இல்லை. புளிக்குழம்பை மண்சட்டியில் வை, இரும்பில் வைத்தால் கறுத்துக் கெட்டுப்போகும் என்பார். இரும்பில் வதக்கியதை அதிலேயே விடாதே, இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்று என்பார். ஈயம் போன பித்தளையில் மோர் வைத்திருந்தால் அங்கேயே கொட்டச் சொல்வார். சோறு அலுமினியத்தில் வடித்துக்கொள், அதை நான் கேட்கவில்லை என்பார். ஊருக்குக் கீழ்ப்புறம் இருந்த குடிசைகளில் மண்சட்டியைத் தவிர வேறு சட்டி கிடையாது. அங்கே போய்ச் சட்டி வாங்கு என்று அவர் சொன்னதில்லை. தாளிக்கிற இரும்புக் கரண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவி, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, கொதிக்கிற பருப்பில் முக்கிக் காட்டுவார். "சட்டி அளவுக்கு வராது. ஒண்ணுமில்லாததுக்கு இது தேவல." அடுத்த வாரம் அந்த வீட்டில் கரண்டியைக் காட்டச் சொல்லிக் கேட்பார்.

பேறுகாலத்துக்குப் பெண் படுத்திருக்கும் இடத்தில் தலைமாட்டில் அரிவாளோ ஒரு இரும்புத்துண்டோ வைப்பது எங்கள் வழக்கம். காத்து கருப்பு அண்டாது என்று நம்பிக்கை. வேதக்காரராக இருந்தும் நர்சம்மா அதைக் கேலி செய்ததில்லை. "வைங்க, வேண்டாங்கல. தலமாட்டுல வைக்கிற இரும்ப நாலு மாசம் முன்னாடியே வயித்துக்கும் குடுங்க" என்பார். கிழவிகளுக்குக்கூட அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

எங்கள் வீட்டில் அவர் அடுப்படிக்குள் வந்ததில்லை. நிலைப்படியோடு நின்றுகொள்வார். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. எந்த வீட்டில் எதுவரை போகலாம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சாப்பாட்டு நேரத்துல மட்டும் வேண்டாம் நர்சம்மா. ஆம்பளைங்க இருப்பாங்க." அவரும் சரி என்று, பத்து மணி வாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். இந்த ஏற்பாட்டை நான் சொல்லியாக வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான் நடந்தது.

அவர் வந்தது என் மதினிக்காக. என் அண்ணன் மனைவி. பழனிப் பக்கம் கீரனூரிலிருந்து வந்தவள். பத்தொன்பது வயது. என்னைவிட நான்கு வயது மூத்தவள், ஆனாலும் என்னையே "ஏனுங்க, தலை வாரிக்கலையா?" என்று கேட்பாள். அந்த 'ங்க'வை வைத்து அவளை நாங்கள் பண்ணாத கேலி இல்லை. ஆட்டுக்குட்டியைக்கூட மரியாதையாக விரட்டுகிறாள் என்று அண்ணன் சொல்வார். அவளுக்குக் கோபமே வராது. கல்யாணமான எட்டாம் மாதம் உண்டானாள். ஐந்தாம் மாதம் நர்சம்மா அவள் இமையை இழுத்துப் பார்த்தபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரு" என்று காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வடித்த கஞ்சி மாதிரி வெளுத்திருந்தது.

மாத்திரை கொடுத்தார். மதினிக்கு அது குமட்டியது. தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று யாரோ அம்மாவிடம் சொல்ல, நாலே நாளில் மாத்திரை கூரை இடுக்குக்குப் போய்விட்டது. நர்சம்மா கெஞ்சினார், அதட்டினார். அம்மா அசையவில்லை. கடைசியில், "மாத்திர வேண்டாம்னா சட்டியையாவது எறக்குங்க. தெனம் கீரை வதக்குங்க. சத்து அந்தச் சட்டியிலதான் இருக்கு" என்றார்.

அது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. தன் கல்யாணத்துக்கு வந்த வார்ப்புச்சட்டியைப் பரணிலிருந்து இறக்கி, நர்சம்மா சொன்னபடியே பழக்கினாள். முருங்கை, அகத்தி, தண்டங்கீரை என்று தினம் ஒரு கீரை. கொஞ்சம் பாசிப்பயறு, நாலு வெங்காயம், வறமிளகாய். அலுமினியத்தில் வதக்கிய கீரை நீர்விட்டுச் சொதசொதவென்று கிடக்கும். இரும்பில் வதக்கியது சுருண்டு, ஓரம் லேசாக முறுகி, மணம் தெருவரைக்கும் போகும். களியோ கம்பஞ்சோறோ, அந்த ஒரு வெஞ்சனம் போதும்.

எங்கள் வீட்டில் முதலில் அப்பாவும் அண்ணனும் உட்காருவார்கள். ஒரே பெண் என்ற செல்லத்தில் நானும் அவர்களோடு உட்கார்ந்துவிடுவேன். பிறகு அம்மா. எல்லாரும் எழுந்த பிறகு மதினி. இதில் யாரும் யாரையும் கொடுமைப்படுத்தவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கீரைக்கு ரத்தம் ஊறும் என்று கேட்டதும், மாடு கட்டிக் கமலை இறைக்கிற அண்ணனுக்கு அம்மா ஒரு கரண்டி கூடப் போட்டாள். அப்பாவுக்கும் போட்டாள். நான் பெரியவளாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "பொட்டப்புள்ளைக்கு ரத்தம் வேணும்" என்று எனக்கும் போட்டாள். மதினியின் முறை வரும்போது சட்டி காலியாக இருக்கும். அம்மா சூடான சோற்றை அந்தச் சட்டியில் போட்டு, ஒட்டியிருக்கிற கறுப்பையெல்லாம் சேர்த்துப் பிரட்டி மதினியிடம் கொடுப்பாள். "சத்தெல்லாம் சட்டியிலதான் இருக்காம். நர்சம்மா சொல்லுச்சு. ஒனக்குத்தான் நல்லது, தின்னு."

அம்மா அதை நம்பினாள். இருப்பதில் சிறந்ததை மருமகளுக்குக் கொடுப்பதாகவே நம்பினாள். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். மதினி "சரிங்க அத்தை" என்று வாங்கித் தின்றாள்.

ஒவ்வொரு வாரமும் நர்சம்மா வருவார். இமையைப் பார்ப்பார். நிலைப்படியில் நின்று சட்டியை வாங்கித் தட்டுவார், தேய்ப்பார், முகர்வார். அது தினம் அடுப்பேறுகிற சட்டி என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் இமை வெளுத்தபடியே இருந்தது. அவருக்கு விளங்கவில்லை. "ரெண்டு வேளையும் வதக்குங்க" என்றார். இரண்டு வேளையும் வதக்கினோம். இரண்டு வேளையும் தின்றோம்.

எனக்குப் பதினைந்து வயது. விவரம் தெரிந்த வயதுதான். நர்சம்மா சட்டியை முகர்ந்து குழம்பி நிற்கும்போது நான் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். மதினி கீரை சாப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். லேசாகத் தோன்றத்தான் செய்தது. கீரை ருசியாக இருந்தது, அதனால் சொல்லவில்லை.

ஏழாம் மாதம், திண்டுக்கல்லுக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று நர்சம்மா ஒற்றைக்காலில் நின்றார். அம்மா, மதினி, நான் மூன்று பேரும் போனோம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அம்மா தலையாட்டினாள். திரும்பும் வழியில் நர்சம்மா எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வேதக்காரர் வீட்டில் அம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். கால் வலிக்கிறது என்று வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள். மதினியும் நானும் உள்ளே போனோம்.

அங்கே ஒரு உண்மை தெரிந்தது. ஊருக்கெல்லாம் சட்டியைப் பற்றிச் சொன்ன நர்சம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது. அவர் வதக்கி வைத்த கீரையில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது, வெங்காயம் கருகியிருந்தது. அவரும் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "சத்து இருக்கு. ருசிக்கு நான் பொறுப்பில்ல" என்றார். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள். அவளைப் பார்த்து நர்சம்மாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அந்த உப்புக் கீரையை மதினி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"வீட்டுலயும் இப்படித்தான சாப்புடுற?" என்று நர்சம்மா கேட்டார்.

மதினி வாசல் பக்கம் பார்த்தாள். படியில் அம்மாவின் முதுகு தெரிந்தது. "ஆமாங்க" என்றாள்.

யார் வாயால் சொன்னதையும் நம்பாத அந்த அம்மாள், அன்றைக்கு அதை நம்பிவிட்டார்.

நாள் கணக்கு தப்பி, இரண்டு வாரம் முன்னாலேயே மதினிக்கு வலி வந்துவிட்டது. காலை நேரம். அண்ணன் சைக்கிளில் போய் நர்சம்மாவைக் குதிரைவண்டியில் ஏற்றி அனுப்பினார். அவர் வருவதற்குள் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. உதிரம் நிற்கவில்லை. நர்சம்மா தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். "மத்தவங்களா இருந்தா தாங்கிருவாங்க. இவகிட்ட எழக்குறதுக்கே ரத்தம் இல்லையே" என்று அவர் தனக்குத்தானே சொன்னது என் காதில் விழுந்தது. வந்த குதிரைவண்டியிலேயே மதினியைத் தூக்கிப் படுக்க வைத்துத் திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டார்கள். ரோட்டைத் தொடுவதற்கு முன்பே வண்டி திரும்பிவிட்டது. நர்சம்மாவின் வெள்ளைச் சேலை அன்றைக்கு இருந்த இருப்பை நான் எழுத மாட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பிள்ளையைப் பார்க்க வந்தார். ஆட்டுப்பாலில் அது எப்படியோ பிழைத்துக்கொண்டது. என் மடியில்தான் இருந்தது. அதன் இமையைக்கூட இழுத்துப் பார்த்தார். போகும்போது நிலைப்படியில் நின்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இரும்புச்சட்டியிலதான வதக்குனீங்க?"

"ஒங்க கண்ணு முன்னாலதான நர்சம்மா காட்டுனோம். ஒருநா தவறல" என்று அம்மா அழுதாள்.

"ஆமா. பாத்தேன்" என்றார்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் குடையை விரிக்க மறந்து வெயிலில் நடந்து போனார். அதன்பிறகு எங்கள் ஊருக்கு வேறொரு நர்ஸ் வந்தாள். அவள் சட்டியைக் கேட்கவில்லை.

நான்கு வருடம் போயிற்று. என்னைச் சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். பெரிய விவசாயக் குடும்பம். மாமனார், மாமியார், கணவர், இரண்டு கொழுந்தன்மார். அத்தைக்கு அலுமினியம் பிடிக்காது. அடுப்படியில் இரும்புச்சட்டிதான் புழக்கம். எனக்கு ஐந்தாம் மாதம். படி ஏறினால் மூச்சு வாங்கியது, குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தேன். அப்படி ஒருநாள் காலை, வாசலில் அதே கறுப்புக் குடை வந்து நின்றது.

தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. குரல் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "நீ அந்த வீட்டுப் புள்ளதான?" என்றார். இமையை இழுத்துப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து நான் தெரிந்துகொண்டேன். மாத்திரையை எண்ணிக் கொடுத்து, "தவறாமத் தின்னணும், குமட்டுனாலும் தின்னணும்" என்றார். பையை மூடிவிட்டுக் குடையை எடுத்தார்.

"சட்டியப் பாக்கலையா நர்சம்மா?" என்றேன்.

அவர் நின்றார். "அதக் கேக்குறத விட்டுட்டேன் தாயி."

"எப்பருந்து?"

"ஒங்க வீட்டுலருந்துதான். தெனம் ஏறுன சட்டி, நானே மோந்து பாத்தேன். அதுக்கப்புறமும் அந்தப் புள்ளைக்கு ரத்தம் ஊறலையே. சட்டி சட்டின்னு நாந்தான் பைத்தியக்காரத்தனமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். அந்நேரத்துக்கு மாத்திரையத் திங்க வச்சிருந்தா பொழச்சிருக்கும்."

நான்கு வருடமாக அவர் போன வீடுகளை நினைத்தேன். மாத்திரை போய்ச் சேராத வாரங்கள், அலுமினியச் சட்டிகள், வெளுத்த இமைகள். எங்கள் வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அத்தனை வீட்டிலும் இவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன்.

"மதினி கீரையே திங்கல நர்சம்மா" என்றேன். "நாங்க தின்னோம். அப்பா, அண்ணன், நான். மதினிக்குச் சட்டியில சோத்தப் போட்டுப் பெரட்டிக் குடுத்தோம். சத்து சட்டியில இருக்குன்னு நீங்க சொன்னீங்கன்னு அம்மா அதத்தான் குடுத்தாங்க. எனக்குத் தெரியும். நான் சொல்லல."

அவர் என்னை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுல வச்சுக் கேட்டேனே. ஆமாங்கன்னு சொல்லுச்சே."

"அம்மா வாசல்ல இருந்தாங்க."

"ஆமா" என்றார். "அதுகிட்டக் கேட்டிருக்கக் கூடாது. சோத்து நேரத்துக்கு வந்து நானே பாத்திருக்கணும். வராதீங்கன்னு சொன்னாங்கன்னு வராம இருந்துட்டேன் பாரு."

அம்மாவைத் திட்டவில்லை, என்னைத் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "இந்த வீட்டுல நீ எப்பச் சாப்புடுவ?"

பிறந்த வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து தின்றவள், இங்கே வந்த நாளிலிருந்து கடைசியில்தான் தின்கிறேன். இருப்பதைத் தின்கிறேன். மதினியையும் என்னையும் அதுவரை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

"எல்லாரும் சாப்ட்ட பெறகு" என்றேன்.

மறுநாள் அவர் அந்த ஊருக்கு வரும் நாள் இல்லை. ஆனாலும் உச்சிவேளைக்கு வந்தார். மாமாவும் மற்றவர்களும் தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நர்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைப்படியில் நிற்காமல் நேராக அடுப்படிக்குள் வந்து சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அத்தை பதறிப்போனார்.

"என்ன நர்சம்மா, சோத்து நேரத்துல வந்து..."

"சோத்து நேரத்துக்குத்தாம்மா வந்தேன். இந்தப் புள்ளைக்கு மொதல்ல போடுங்க. கீரையையும் பயறையும் நெறைய வைங்க. அது தின்னு முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

"ஆம்பளைங்க பசியோட நிக்கிறாங்களே!"

"நிக்கட்டும். அவுங்களுக்கா பேறுகாலம்?"

அத்தை வாசலைப் பார்த்தார். மாமா ஒருமுறை தொண்டையைச் செருமினார். "போடு. நாங்க செத்த நேரம் வெளிய இருக்கோம்" என்று அவர் குரல் மட்டும் வந்தது.

என் முன்னால் தட்டு வந்தது. சோறு, அதன்மேல் சட்டியிலிருந்து அப்போதுதான் இறக்கிய முருங்கைக்கீரை. பிசைந்து ஒரு வாய் எடுத்தேன். அதே ருசி. பதினைந்து வயதில் நான் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ற அதே ருசி. தட்டை நகர்த்திவிட்டு வாய்விட்டு அழுதேன். ஒன்றும் புரியாமல் அத்தை என் தோளைத் தொட வந்தார். நர்சம்மா கையால் அவரை நிறுத்தினார். தட்டை மறுபடி என் முன்னால் தள்ளி வைத்தார்.

"அழுதுக்கிட்டே தின்னு தாயி, பரவால்ல. ஆனா தின்னு" என்றார்.